பதினேழாம் நம்பர் மல்லிகை

அத்தியாயம் 5

வாசனை தொலைந்துபோன கேஸைக் கொண்டுவந்து மூக்கு வேலைசெய்யாத துப்பறியும் ஆளிடம் கொடுத்தவள் ஈப்போ வட்டாரத்திலேயே டாக்டர் சிவாஜினி ஒருத்தியாகத்தான் இருப்பாள். பாவம், அவளுக்கு அது தெரியாது. கலாதேவியும் சொல்லவில்லை. தேடி வந்த கட்சிக்காரியிடம் முதல் நாளே, "எனக்கு நாலு வருஷமா சாம்பாருக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியாது" என்று எந்தத் துப்பறியும் ஆள்தான் ஒப்புக்கொள்வார்?

விஷயம் தெரிந்த ஒரே ஆள் பத்துமலை. கார் ஓட்டுவது, ஆட்களை விசாரிப்பது, யாரும் கேட்காமலே வாயைத் திறப்பது என்று மூன்று வேலைகளையும் கலாதேவியிடம் பார்க்கிறவன். நாற்பத்தைந்து வயது. முன்பு லாரி ஓட்டிய பழக்கத்தில் அந்தச் சின்ன மைவி காரையும் லாரி மாதிரியே வளைத்துத் திருப்புவான்.

"அக்கா, இன்னிக்கு மூக்கு டிப்பார்ட்மெண்ட் நான்தான். ஆனா ஒரு சிக்கல்," என்றான். சனிக்கிழமை காலை. சிலிபினில் இருந்த ஆபீசிலிருந்து பத்து காஜா நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"என்ன?"

"நேத்து மச்சான் வீட்டுக் கல்யாணம். மண்டை இடி. கோடாலித் தைலத்தை நெத்தி, மூக்கு, கழுத்துன்னு அப்பிட்டேன். இப்ப டுரியான் லாரிக்குப் பின்னாடியே போனாலும் எனக்குத் தைலந்தான் மணக்கும்."

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூக்குகூட இல்ல."

"கண்ணு நாலு இருக்கு லா. சமாளிப்போம்."

கலாதேவி சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போலீசில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவள். அந்தத் தொற்றுநோய்க் காலத்தில் காய்ச்சல் அவளுக்கும் வந்தது, கணவர் ரூபனுக்கும் வந்தது. அவளுக்கு மூக்கு போனது. அவர் ஆளே போய்விட்டார். அலமாரியில் அவருடைய மூன்று சட்டைகள் இன்னும் துவைக்காமல் தொங்குகின்றன. முகத்தில் வைத்து அழுத்தினால் துணி தெரிகிறது, ஆள் தெரியவில்லை. ஒரே மனுஷனை இரண்டு தடவை பறிகொடுத்த மாதிரி அவளுக்கு இருந்தது. அதைப் பத்துமலையிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அவன் கொஞ்ச நாளைக்குக் கிண்டல் பேச மாட்டான். கிண்டல் இல்லாத காரில் உட்கார்ந்து போக அவளுக்குத் தைரியம் இல்லை.

*

கிளென்மோர் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரங்கள் போய் இருபது வருஷமாகிறது. பாதி செம்பனை, பாதி வீடமைப்புத் திட்டம். நடுவில் தோட்டக் கணக்கரான கிராணியின் பழைய வீடு மட்டும் தப்பித்து நின்றது. அதை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தாள் சிவாஜினி. ஐம்பத்தெட்டு வயது, ஒட்ட வெட்டிய நரைமுடி, உட்காரும்போதும் நிற்கிற மாதிரியே நிமிர்ந்த முதுகு. வீட்டுக்குப் பின்னால் வலைக்கொட்டகை. உள்ளே இருபத்து மூன்று மல்லிகைத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. கோடியில் ஒரு இடம் காலி.

"என்ட அப்பா இந்தத் தோட்டத்திலதான் பெரிய கிராணி. நான் பிறந்தது இந்த வீட்டிலதான்," என்றாள் சிவாஜினி. "படிக்க லண்டன் போய், வேலை செய்து, கடைசியில இங்கேயே வந்து சேர்ந்திட்டன்."

"காணாமப் போன செடி என்ன விசேஷம், டாக்டர்? மல்லின்னா எல்லாம் மணக்கத்தானே செய்யும்?"

"மணக்கும். ஆனா பொழுதுபட்ட பிறகு." சிவாஜினி கொஞ்சம் யோசித்தாள். "தோட்டத்துக் கணக்கிலயே சொல்லுறன். ஒரு செடிக்குள்ள வாசனையைச் செய்யிற ஜீன்கள் நிறைய இருக்கு. அதுகள் பால் வெட்டுற ஆக்கள் மாதிரி. இன்னொரு ஜீன் இருக்கு, அது மண்டோர், கங்காணி. அது ஒரு மரமும் வெட்டாது. ஆனா பெரட்டுக் களத்தில நிண்டு அது பேர் கூப்பிட்டாத்தான் மற்றதுகள் வேலைக்குப் போகும். மல்லிகையின்ட மண்டோர் பொழுது சாய்ந்தாத்தான் பேர் கூப்பிடும்."

"பதினேழாம் நம்பருக்கு?"

"காலமை ஒன்பதுக்குக் கூப்பிடும். பதினொரு மணி வரைக்கும் மணக்கும்."

"அப்ப மண்டோர் ராத்திரி தண்ணியடிச்சிட்டு நேரம் தெரியாம விசில் ஊதுறாரு," என்றான் பத்துமலை.

சிவாஜினி சிரிக்கவில்லை. "கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரே தாய்ச்செடியில இருபத்து நாலு குச்சி வெட்டி, எல்லாத்துக்கும் கதிர்வீச்சுக் காட்டி, எதில அந்த மண்டோர் மாறுதெண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். பதினேழில மாறிச்சுது. அந்த ஒரு ஜீனை விளங்கிக்கொண்டா, எந்தப் பூவையும் எந்த நேரத்திலயும் மணக்கவைக்கலாம்."

"வேற பதியன் போட்டு வைக்கலையா?"

"மூன்று தரம் போட்டன். மூன்றும் அழுகிப்போச்சு. பாட்டிலில வளர்த்ததுகள் கரண்ட் போன அண்டைக்குக் கெட்டுப்போச்சு. கடதாசியில எல்லாம் இருக்கு. உயிரோட இருந்தது அது ஒண்டுதான்." அவள் காலி இடத்தைப் பார்த்தபடியே பேசினாள். "செலவுக்குக் காசு குடுக்கிற கம்பெனியிலிருந்து வாற திங்கட்கிழமை மூன்று பேர் வருகினம். செடியை மோந்து பார்ப்பினம். வேரும் இலையும் எடுத்து, எந்தத் தாயில வந்ததெண்டு சோதிப்பினம். செடியே இல்லையெண்டா, நான் இல்லாததை எழுதினனான் எண்டு அறிக்கை வெளியிடுவினம். முப்பது வருஷம், கலாதேவி. எனக்குக் குடும்பம் இல்லை. பேர் ஒண்டுதான் இருக்கு."

இதைச் சொல்லும்போதும் அவள் முதுகு வளையவில்லை. கலாதேவிக்கு அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்குள் ஒரு நாற்காலி, மேசைமேல் ஒரு தட்டு, கொடியில் ஒரு துண்டு என்று வந்தவுடன் பார்த்துவிட்டிருந்தாள். தன் வீட்டையும் யாராவது வேவு பார்த்தால் இதே பட்டியலைத்தான் எழுதுவார்கள் என்று தோன்றியது.

சிவாஜினி சந்தேகப்பட்ட ஆள் தனேஷ். முன்பு அவளிடம் உதவியாளனாக இருந்துவிட்டு, ஆறு மாதத்துக்கு முன்னால் சிங்கப்பூரில் ஒரு சென்ட் கம்பெனிக்குப் போனவன். பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு. ஒன்று அவளிடம், இன்னொன்று தனேஷ் திருப்பிக் கொடுத்தது. நகல் எடுத்திருப்பான் என்பது அவள் வாதம்.

"நீங்க எப்ப ஊர்ல இல்ல?"

"போன சனிக்கிழமை விடியப்புறம் சித்தியவானுக்குப் போனன். பெரியம்மாவின்ட முப்பத்தோராம் நாள் காரியம். திங்கட்கிழமை காலமைதான் வந்தனான்."

கலாதேவி கொட்டகைக்குள் மெதுவாக ஒரு சுற்று வந்தாள். மேலே தண்ணீர் தூவும் பைப். மூலையில் பம்பு. பம்பின் தலையில் ரிப்பேர்க்காரன் ஒட்டிவிட்டுப் போன சீட்டு. அதை இரண்டு தடவை படித்தாள்.

"டாக்டர், திங்கட்கிழமை நீங்க வந்து பார்த்தப்ப மத்த செடியெல்லாம் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்தது. பச்சையா."

"இந்தப் பம்பு சனிக்கிழமை மத்தியானமே எரிஞ்சு டைமர் நின்னுடுச்சுன்னு சீட்டுல எழுதியிருக்கு. திங்கட்கிழமை சாயங்காலந்தான் மாத்தியிருக்காங்க. போன வாரம் அடிச்ச வெயில்ல ரெண்டு நாளு தண்ணி இல்லாம இருபத்து மூணு செடியும் எப்படிப் பச்சையா இருந்துச்சு?"

சிவாஜினி வாயைத் திறந்தாள்.

பத்துமலைதான் முந்திக்கொண்டான். "ஒண்ணைத் திருடிட்டு மிச்சத்துக்குத் தண்ணி ஊத்திட்டுப் போயிருக்கான். வீட்டைக் கொள்ளையடிச்சவன் போகும்போது பாத்திரத்தைக் கழுவிக் கவுத்து வெச்சிட்டுப் போன மாதிரி லா."

"இன்னொண்ணு கேக்குறேன். தனேஷுக்கு அந்த ஜீன் வேணும்னா என்ன எடுத்திருக்கணும்?"

"ஒரு இலை போதும்," என்றாள் சிவாஜினி மெதுவாக.

"இலையைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிருக்கலாம். நீங்க கண்டுபிடிச்சிருக்கவே மாட்டீங்க. மண்ணோட தொட்டியைத் தூக்கிக்கிட்டுப் போன ஆளுக்கு ஜீன் வேணாம், செடிதான் வேணும். பைப் வர்றதுக்கு முன்னாடி இங்க யாரு தண்ணி ஊத்தினது?"

"பாப்பா எண்டு ஒரு ஆள். நாலு வருஷம் இருந்தவ. போன மாசம் பைப் வந்த பிறகு தேவைப்படேல்லை."

"அவங்ககிட்ட சாவி?"

சிவாஜினியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "இருந்தது. திருப்பிக் கேக்க மறந்துபோனன். சாவி இரண்டெண்டு சொன்னப்பவும் எனக்கு ஞாபகம் வரேல்லை."

"வீடு எங்க?"

"தெரியேல்லை. கிட்டவாத்தான் இருக்கவேணும். சைக்கிள்லதான் வருவா."

நாலு வருஷம் தினமும் வந்துபோன மனுஷியின் வீடு எந்தப் பக்கம் என்றே தெரியாது. கலாதேவி அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் ஆபீசுக்குக் கீழே லாண்டரிக் கடையில் துணி மடிக்கிற பெண்ணின் பேர் என்ன என்று யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை.

*

ஆளைத் தேட வேண்டுமென்றால் ரொட்டிக் கடைக்குப் போகவேண்டும் என்பது பத்துமலையின் சித்தாந்தம். பசி எடுத்தாலும் அதே சித்தாந்தம்தான். மெயின் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு ரொட்டி சானாய் போடும் சீனி, முன்பு கிளென்மோரில் பால் வெட்டியவர். பெயர் சொன்னதும் மாவு பிசைந்த கையாலேயே திசை காட்டினார்.

"பாப்பாவா? கடைசி லயம், கடைசி வீடு. மத்த எல்லாரும் ஃபிளாட்டுக்குப் போயிட்டாங்க. அது மட்டும் போகமாட்டேன்னு உட்கார்ந்திருக்கு. மகன் ஜோகூர்ல. வழி கேக்கவே வேணாம். இந்த நேரத்துக்குப் போனா மல்லி வாசத்தைப் புடிச்சிக்கிட்டே போயிடலாம்."

பத்துமலை ரொட்டியைக் குழம்பில் முக்கினான். கலாதேவி தேநீர் கிளாஸைக் கீழே வைத்தாள். "எந்த மல்லி, அண்ணே?"

"அது புருஷன் வெச்சது. வீட்டுக்குப் பின்னாடி பெரிய பொதராட்டம் கெடக்கும். நாங்க பால் வாளியைத் தூக்கிக்கிட்டு ஸ்டோருக்கு வாற நேரம் கமகமன்னு வரும். எம்பத்தஞ்சு, எம்பத்தாறுல எல்லாம் அந்த வாசம் வந்தா பத்து மணின்னு அர்த்தம். எவன் கையிலயும் கடிகாரம் கிடையாது."

"மல்லி சாயங்காலந்தானே மணக்கும்?"

சீனி அவளை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க லயத்துல காலையிலதான். எல்லா ஊர்லயும் அப்படித்தானே லா?"

கலாதேவி எழுந்துவிட்டாள். பத்துமலை பாதி ரொட்டியை வாயிலும் மீதியைக் கையிலுமாக ஓடிவந்து காரில் ஏறினான்.

"என்னக்கா, தீப்புடிச்ச மாதிரி?"

"டாக்டர் கதிர் காட்டி அந்த வாசனையை உண்டாக்கினது எப்ப?"

"ரெண்டு மூணு வருஷம் இருக்கும்."

"சீனி அண்ணன் அதை மோந்தது நாப்பது வருஷத்துக்கு முன்னாடி."

பத்துமலை மென்றுகொண்டே யோசித்தான். "பிள்ளை பொறக்கிறதுக்கு முன்னாடியே பிள்ளையோட சத்தம் கேட்டிருக்கு."

"அந்தத் தொட்டியை எடுத்தவங்களுக்குச் செடி வேணும்னு நான் சொன்னேன் இல்ல? தப்பு, பத்து. செடி வேணும்னு எடுக்கல. அது வர்ற திங்கட்கிழமை சோதனைக்கு அங்க இருக்கக்கூடாதுன்னு எடுத்திருக்காங்க."

*

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்தில் பத்து வாசல் இருந்தது. ஒன்பது வாசலுக்குக் கதவு இல்லை. கூரைத் தகரம் போன வீடுகளுக்குள் பப்பாளி முளைத்திருந்தது. கடைசி வாசலில் மட்டும் கோலம் போட்டிருந்தது. பார்க்க யாருமே இல்லாத இடத்தில் அவ்வளவு பெரிய கோலத்தை யாருக்காகப் போட்டாள் என்று கலாதேவி நினைத்துக்கொண்டாள். அவளும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு ஒருத்தியாகச் சாப்பிடுகிறவள்தான்.

"வாசம் வருதா?" என்று கேட்டாள்.

பத்துமலை மூக்கை உறிஞ்சினான். "கோடாலி சார் இன்னும் டூட்டியில இருக்காரு."

அவள் மூக்கை விட்டுவிட்டுக் கண்ணை நம்பினாள். வீட்டின் பின்பக்கம் போனாள். ஆள் உயரத்துக்கு மல்லிகைப் புதர். அதன்மேல் புள்ளி புள்ளியாக ஒரு கூட்டம் அசைந்தது. கெலுலுட் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் கொட்டாத சின்னத் தேனீ. சிவாஜினியின் கொட்டகைக்குள்ளும் வலைக்கண் வழியே இந்தத் தேனீ நுழைந்திருந்தது. ஆனால் அங்கே பூத்திருந்த செடிகளில் ஒன்றுகூட உட்காரவில்லை. அந்த வேளையில் அவற்றில் மணம் இல்லை. புதரின் காலடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதிலும் ஏழெட்டுப் பூ. அதன்மேலும் அதே தேனீ.

"யாரு?"

பின்வாசலில் பாப்பா நின்றாள். அறுபத்து மூன்று வயது, ஒல்லி உடம்பு, கையில் ஆணி அடித்து ஓட்டை போட்ட மைலோ டின். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் கலாதேவி, அக்கா. டாக்டர் சிவாஜினி அனுப்பினாங்க."

பாப்பா ஓடவில்லை, மறுக்கவில்லை. டின்னைச் சுவரோரம் வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள். "போலீஸா?"

"முன்ன இருந்தேன். இப்ப இல்ல." கலாதேவி புதருக்குப் பக்கத்தில் குந்தினாள். "இது தாய். தொட்டியில இருக்கிறது இதோட குச்சி. டாக்டரோட பதினேழாம் நம்பர் செத்துப்போச்சு. நீங்க உங்க வீட்டுக் குச்சியை அதுக்குப் பதிலா நட்டீங்க. சரியா?"

பாப்பா படியில் உட்கார்ந்தாள். வெகுநாள் தூக்கிவந்த சுமையை யாரோ கேட்டு இறக்கியது மாதிரி அவள் தோள் தளர்ந்தது.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி தீவாளி நேரம். டாக்டரம்மா லண்டன் போயிட்டாங்க. எனக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரியில போட்டுட்டாங்க. அப்ப பக்கத்து வீட்டுல இருந்த பொண்ணு புனிதாவைத் தண்ணி ஊத்தச் சொன்னேன். அது ஓரத்துல இருந்த ஒண்ணை மட்டும் விட்டுட்டுது. நான் வந்து பார்த்தா பதினேழு சருகா கெடக்கு. எல்லாம் மல்லிதானே, மல்லிக்கு மல்லி வெச்சா என்னான்னு தோணுச்சு. இலைகூட அச்சு அசலா அதே மாதிரி. இதுலேர்ந்து ஒரு குச்சியை ஒடிச்சு அதே தொட்டியில நட்டு, நம்பர் அட்டையையும் குத்திட்டேன். இது காலையில மணக்கும், அது மணக்காதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து நான் மோந்த மல்லி இது ஒண்ணுதான்."

"பூத்ததும் தெரிஞ்சிருக்குமே. அப்ப சொல்லியிருக்கலாம் இல்ல?"

பாப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"அன்னிக்குக் காலையில டாக்டரம்மா உள்ள வந்தாங்க. நின்னாங்க. குனிஞ்சு மோந்தாங்க. அப்படியே தரையில உட்கார்ந்து அழுதாங்க. அப்புறம் எந்திரிச்சு வந்து என்னைக் கட்டிப்புடிச்சாங்க, தங்கச்சி. கிராணி மக என்னைக் கட்டிப்புடிச்சாங்க. எங்க வீட்டுக்காரரு போயி ஒம்பது வருஷம் ஆச்சு அப்ப. மகன் வருஷத்துக்கு ஒரு தடவ வருவான். என்னைய ஒருத்தர் தொட்டு எத்தனை காலமாச்சுன்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. அந்த நேரத்துல போயி, 'அம்மா, இது உங்க செடி இல்ல'ன்னு எப்படிச் சொல்லுவேன்?"

தன்னை ஒருவர் தொட்டு நாலு வருஷமாகிறது என்று கலாதேவியும் அந்த நிமிஷத்தில்தான் எண்ணிப் பார்த்தாள்.

"இப்ப ஏன் எடுத்தீங்க?"

"போன மாசம் அம்மா போன்ல பேசினாங்க. வேரை எடுத்து எந்தத் தாய்ச்செடின்னு டெஸ்ட் பண்ணுவாங்கன்னு. நான் பக்கத்துலதான் நின்னேன். டெஸ்ட் பண்ணா அம்மா எழுதினது தப்புன்னு ஆயிடும். செடியே இல்லைன்னா டெஸ்டும் இல்ல, அம்மா பேரு தப்பிச்சிடும்னு நெனச்சேன். ஞாயித்துக்கெழமை சைக்கிள்ல வெச்சுக் கட்டிக் கொண்டாந்துட்டேன். மத்ததெல்லாம் வாடிக் கெடந்துச்சு, அதுக்கும் ஊத்திட்டு வந்தேன்."

"பாப்பாக்கா," என்றாள் கலாதேவி, எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. "செடி இல்லாததாலதான் அவங்க பேரு போகப்போகுது. இல்லாத செடியை இருக்குன்னு எழுதினாங்கன்னு சொல்லப்போறாங்க."

பாப்பா தொட்டியைப் பார்த்தாள். அதைத் தூக்கப் போகிறவள்போல எழுந்து, மறுபடி படியிலேயே உட்கார்ந்தாள்.

பத்துமலை கலாதேவியைத் தனியாக இழுத்தான். அவன் முகத்தில் வழக்கமான கிண்டல் இல்லை. "அக்கா, நம்ம வேலை செடியைக் கண்டுபுடிக்கிறது. தொட்டியைக் கொண்டுபோயி வெச்சிருவோம். டெஸ்ட் அவங்க பாடு."

"வெச்சா டெஸ்ட்ல மாட்டிக்குவாங்க, என்ன ஏதுன்னே தெரியாம. வைக்காட்டி பொய்க்காரின்னு பேரு. ரெண்டு பக்கமும் அடி."

"அப்ப?"

"எந்த அடியை வாங்குறதுன்னு அவங்களே சொல்லட்டும்," என்று போனை எடுத்தாள் கலாதேவி.

*

எட்டு நிமிஷத்தில் சிவாஜினி வந்துவிட்டாள். நாலு வருஷமாகத் தெரியாத வீடு எட்டு நிமிஷ தூரத்தில் இருந்தது.

மண் ரோட்டில் காரை விட்டு இறங்கியவள் இரண்டு அடி வைத்து நின்றாள். யாரும் அவளுக்கு எதையும் காட்டவேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நேராக வீட்டின் பின்பக்கம் நடந்தாள். புதருக்கு முன்னால் போய் நின்றாள். கலாதேவி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பாப்பா படியில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கேட்டு முடித்த பிறகு சிவாஜினி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இது எப்ப வெச்சது, பாப்பா?"

"எம்பத்திரண்டுலம்மா. எங்க வீட்டுக்காரரு காட்டோரம் கெடந்ததைப் புடுங்கிக் கொண்டாந்து வெச்சாரு."

"எனக்கு அப்ப பதினைஞ்சு வயசு. அந்தக் கிராணி வீட்டிலதான் இருந்தனான்." அவள் இலை ஒன்றைத் தொட்டாள். "லயத்துப் பக்கம் விளையாடப் போகக்கூடாதெண்டு அப்பா சொல்லியிருந்தார். கிராணி வீட்டுப் பிள்ளையள் ஆரும் இந்தப் பக்கம் வாறேல்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் காலமை வந்திருந்தா..."

அவள் முதுகு முதல் தடவையாக வளைந்ததைக் கலாதேவி பார்த்தாள். பிறகு சிவாஜினி நிமிர்ந்து, கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"டாக்டர், அவசரப்படாதீங்க," என்றாள் கலாதேவி. "திங்கட்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

"திங்கட்கிழமை வரைக்கும் வச்சிருந்தா எனக்கு வேற யோசனை வரும்."

கம்பெனிக்காரர் தமிழர்தான் போலிருக்கிறது, தமிழிலேயே பேசினாள். "செடி கிடைச்சிட்டுது. ஓம். காலமைதான் மணக்குது. ஆனா அது என்ட இருபத்து நாலில ஒண்டில்லை. நான் உருவாக்கினது எண்டு எழுதினது பிழை. தோட்டத்து லயத்தில தானாக மாறின செடி, நாற்பது வருஷமா நிக்குது. மண்டோர் ஜீனைப் பற்றி எழுதினது சரி. ஆர் செய்ததெண்டு எழுதினதுதான் பிழை. இல்லை, ஏமாற்றேல்லை, எனக்கே இண்டைக்குத்தான் தெரியும். நீங்க நம்பாட்டி நான் ஒண்டும் செய்ய ஏலாது."

மறுபக்கம் நீளமாகப் பேசியது. அவள் "ஓம்" என்றாள், மறுபடி "ஓம்" என்றாள், போனை வைத்தாள்.

"வரமாட்டினமாம். ஒப்பந்தம் இத்தோட சரி. கொட்டகை அவையின்ட காசில போட்டது, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லுகினம்." அதைப் பக்கத்து வீட்டுச் செய்தி போலச் சொன்னாள். "தமிழில பேசினதே நல்லது. இங்கிலீசிலயெண்டா இன்னும் சுத்தி வளைச்சிருப்பன்."

பாப்பா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். "என்னாலதான் எல்லாம். அன்னிக்கே வாயைத் தொறந்திருக்கணும். நீங்க கட்டிப்புடிச்சீங்களேம்மா, அதை இழக்க மனசு வரல. உங்களுக்கு ஞாபகம் இருக்கா, அந்த நாளு?"

கலாதேவி சிவாஜினியின் முகத்தைப் பார்த்தாள். விசாரணை அறையில் இருபத்திரண்டு வருஷம் முகங்களையே படித்தவள். சிவாஜினியின் நெற்றி லேசாகச் சுருங்கியது. கண் எங்கேயோ போய்த் தேடியது. தேடிய இடத்தில் செடி இருந்தது, வாசனை இருந்தது, பூவின் கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகம் இருந்திருக்கும். அங்கே பாப்பா இல்லை. எல்லாம் கண்ணிமைக்கும் நேரம்தான்.

"ஓம், பாப்பா," என்றாள் சிவாஜினி. "நல்லா ஞாபகமிருக்கு."

பாப்பா அழுகையோடு தலையாட்டினாள். சிவாஜினி அவளுக்குப் பக்கத்தில் படியில் போய் உட்கார்ந்தாள். எப்படித் தொடுவது என்று தெரியாதவளைப் போல முதலில் பாப்பாவின் முழங்கையைப் பிடித்தாள், பிறகு தோளைப் பிடித்தாள்.

கலாதேவி பத்துமலைக்குக் கண்ணைக் காட்டினாள். இருவரும் சத்தமில்லாமல் காருக்கு வந்தார்கள். மெயின் ரோடு வரும்வரை பத்துமலை வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு அது சாதனைதான்.

"அக்கா," என்றான் கடைசியில். "நான் அந்தம்மா மூஞ்சியைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். அவங்களுக்கு நிஜமாவே அது ஞாபகம் இருந்துச்சா?"

கலாதேவி சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"இருந்துச்சு," என்றாள்.